இன்ஜினை இறக்கும் முன்: அரை வேலையா, முழு வேலையா, மாற்று இன்ஜினா?

மாதவரத்தில் லாரிகள் நிற்கும் இடத்தில் எந்தக் காலையிலும் இந்தச் சடங்கைப் பார்க்கலாம். இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி, அதே வாயின்மேல் தலைகீழாக வைப்பார்கள். மூடி லேசாக ஆடினால் நிம்மதி. எகிறிக் கீழே விழுந்தால் சுற்றி நிற்பவர்களின் முகம் மாறிவிடும். "ரிங் போய்விட்டது, இன்ஜின் வேலைதான்" என்று யாராவது ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி, எரியும் வாயு கீழே இறங்காமல் தடுக்கும் வளையம்; அது தேய்ந்தால் வாயு இறங்கி மூடியைத் தள்ளும். அந்த நொடியிலிருந்து வண்டிக்காரரின் தலைக்குள் கணக்கு ஓடத் தொடங்கும். வண்டி எத்தனை நாள் நிற்கும், தவணை எப்படிக் கட்டுவது, டிரைவர் வேறு வண்டிக்குப் போய்விடுவாரா?

என்னிடம் மூன்று கன்டெய்னர் டிரெய்லர்கள் இருக்கின்றன. அரை இன்ஜின், முழு இன்ஜின், கம்பெனி மாற்று இன்ஜின், பழைய இன்ஜின் என்று நான்கு வழிகளிலும் பணம் கட்டிப் பார்த்தவன் நான். எது மலிவு என்ற கேள்வியோடு தொடங்கிய ஒவ்வொரு முறையும் இரண்டு செலவு செய்தேன். இன்ஜின் ஏன் கெட்டது என்று தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுத்தபோது மட்டும் ஒரே செலவோடு போயிற்று.

முதலில் அந்த மூடிச் சோதனையையே முழுதாக நம்பக் கூடாது. பிரேக்குக்குக் காற்று தரும் கம்ப்ரசரின் ரிங் தேய்ந்திருந்தாலும் அந்தக் காற்று இன்ஜினின் வயிற்றுக்குள்தான் இறங்கும். மூடி அப்போதும் எகிறும். டர்போவின் சீல் போனாலும் அப்படித்தான். கம்ப்ரசரின் வெளிவாய்க் குழாயைக் கழற்றி, அது அழுத்தம் ஏற்றாமல் சும்மா சுற்றும்படி விட்டுப் பாருங்கள். மூடி அடங்கிவிட்டால் பழுது கம்ப்ரசரில்தான் இருக்கிறது. கரும்புகைக்கும் ரிங்குக்கும் பெரும்பாலும் தொடர்பே இருக்காது. நாசில் (டீசலைத் தெளிக்கும் முனை), பம்ப் டைமிங், அடைத்த ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து வரும் குழாயில் ஒரு கிழிசல் இவற்றில் ஒன்றாக இருக்கும். நீலப்புகையோடு ஆயிலும் குறைந்தால்தான் ரிங்கையும் வால்வு கைடையும் சந்தேகிக்க வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட்டையோ (சிலிண்டர்களின் மேல்மூடி) அதன் அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட்டையோ பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் தனித்தனியே அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் அழுத்தம் என்ன என்பதையும் டேஷ்போர்டு முள்ளை நம்பாமல் தனி கேஜ் மாட்டிப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, கம்மின்ஸ் 6பி.டி. 5.9 லிட்டர் இன்ஜினுக்கு ஐடிலில் குறைந்தது 10 பி.எஸ்.ஐ., முழு வேகத்தில் 30 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் மெட்டல்களும் (பேரிங் தகடுகள்) அவற்றில் சுற்றும் கிராங்கும் (பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) கேள்விக்குள்ளாகின்றன. அதற்கு மேலே இருந்தால் கீழ்ப்பகுதியைப் பற்றி அவசரப்பட வேண்டியதில்லை.

வடசென்னை வண்டிகளுக்கு ஓடோமீட்டர் பாதிக் கதைதான் சொல்லும். திருவொற்றியூரிலிருந்து சென்னைத் துறைமுகத்தின் ராயபுரம் ஜீரோ கேட்டுக்குப் பத்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். எண்ணூர் விரைவுச்சாலையில் வரிசை நின்றுவிட்டால் அந்தப் பத்து கிலோமீட்டருக்கு ஓர் இரவே போய்விடும். காமராசர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் போகிற வண்டிகளும் இதற்குத் தப்புவதில்லை. பிரேக் காற்றுக்காகவும் மின்விசிறிக்காகவும் டிரைவர் இன்ஜினை அணைக்க மாட்டார். நின்றபடி ஓடும் ஒரு மணி நேரத்தைச் சுமார் 40 கிலோமீட்டர் ஓட்டமாகக் கணக்கில் எடுப்பது பராமரிப்பில் பழைய வழக்கம். நாளுக்கு ஆறு மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 150 மணி நேரம், அதாவது 6,000 கிலோமீட்டர். மீட்டரில் இதில் ஒன்றுகூட ஏறாது. ஓட்டத்தைவிட இந்த நிற்பு இன்னும் கெடுதல். சிலிண்டர் போதிய சூடு ஏறாததால் டீசல் முழுதாக எரியாமல் சுவரில் வழிந்து ஆயிலோடு கலக்கிறது. ரிங் பள்ளங்களில் கரி அடைகிறது. பிஸ்டன் ஓடும் உறையான லைனரின் சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாகி ஆயிலைப் பிடித்து வைக்கும் தன்மையை இழக்கிறது.

தண்ணீரும் இங்கே ஒரு எதிரி. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்தப் போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்புப் படியும், துருப்பிடிக்கும். ஈர லைனர், அதாவது வெளிப்பக்கத்தைத் தண்ணீர் நேராகத் தொடும் லைனர், உள்ள இன்ஜினாக இருந்தால், கூலன்ட் கலக்காத தண்ணீரில் லைனரின் வெளிப்பக்கம் அம்மை போட்டதுபோல் குழி குழியாகிவிடும். அதிர்வில் உண்டாகும் நுண்குமிழ்கள் வெடித்து வெடித்து இரும்பை அரிக்கின்றன. ஒருநாள் ஒரு குழி சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். தண்ணீர் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்புக்குள் இறங்கும். இப்படிக் கெட்ட இன்ஜினுக்குப் புது ரிங் போட்டு என்ன பயன்?

இனி வழிகளுக்கு வருகிறேன்.

அரை இன்ஜின் என்றால் இன்ஜினை சேசிஸிலிருந்து இறக்காமலே செய்யும் வேலை. மேலே ஹெட்டையும் கீழே சம்பையும் கழற்றி, பிஸ்டன்களை மேல்வழியாக எடுத்து, ரிங், தேவைப்பட்டால் லைனர், பிக் எண்ட் மெட்டல் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கான்ராடின் அடிமுனை மெட்டல்) மாற்றி மூடிவிடுவார்கள். கிராங்க் இருந்த இடத்திலேயே இருக்கும். நாலைந்து நாளில் வண்டி ரோட்டுக்கு வந்துவிடும். ஆசை காட்டுவதில் இதற்கு ஈடு கிடையாது.

2018இல் என் பழைய வண்டியில் இரண்டாவது சிலிண்டரின் மெட்டல் சுற்றிவிட்டது. அண்ணே, கிராங்கை எமரி பேப்பர் போட்டுத் தேய்த்துவிட்டேன், பளபள என்று இருக்கிறது என்றார் மெக்கானிக். தவணை நெருக்கியதால் நானும் தலையாட்டினேன். நான்காவது மாதம் தச்சூர் கூட்டுச்சாலையில் லோடோடு நின்றது. இம்முறை கிராங்கும் சேர்ந்து போய்விட்டது. பிரித்துப் பார்த்த இன்னொரு பட்டறையில் ஆயில் கூலரைக் கழற்றி ஒரு தட்டில் தட்டிக் காட்டினார்கள். பழைய மெட்டலின் துகள்கள் தங்கப்பொடிபோல் மினுமினுத்தபடி விழுந்தன. முதல் பட்டறை டீசல் அடித்துக் கழுவிய கூலர்தான் அது. அதன் உள்மடிப்புகளில் சிக்கிய துகள் எந்தக் கழுவலுக்கும் முழுதாக வெளியே வராது. மெட்டல் போன இன்ஜினில் கூலரைப் புதிதாகத்தான் மாற்ற வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடித்ததில் ஒரு கிராங்க் போயிற்று.

அதற்காக அரை இன்ஜினே கூடாது என்று சொல்லவில்லை. ஒரு நாசில் ஒழுகி ஒரே ஒரு பிஸ்டன் உருகியிருக்கிறது, காரணம் தெரிகிறது, கிராங்கில் மெட்டல் உட்காரும் ஜர்னலை மைக்ரோமீட்டரால் நான்கு பக்கமும் அளந்தாயிற்று, ஆயில் அழுத்தமும் நன்றாக இருந்திருக்கிறது என்றால் தாராளமாகச் செய்யலாம். ஆயிலில் உலோகத் துகள் தெரிந்த பிறகு அரை வேலை செய்வதுதான் தவறு.

முழு இன்ஜின் என்றால் இன்ஜினை இறக்கி முழுதாகப் பிரித்துச் செய்யும் வேலை. இதில் பட்டறையைவிட, பிளாக்கையும் (இன்ஜினின் உடல்) கிராங்கையும் கடைந்து அளவுக்குக் கொண்டுவரும் லேத்துதான் முக்கியம். பட்டறைக்காரர் நல்லவரா என்று பத்து பேரிடம் விசாரிக்கிற நாம், பிளாக் எந்த லேத்துக்குப் போகிறது என்று ஒருவரிடமும் கேட்பதில்லை. நேரில் போய் நில்லுங்கள். பிளாக்கைச் சுடுநீர்த் தொட்டியில் போட்டு உப்புப் படிவை எடுக்கிறார்களா, விரிசல் சோதனை செய்கிறார்களா, பிளாக்கின் மேல்முகம் மட்டமாக இருக்கிறதா என்று அளக்கிறார்களா என்று பாருங்கள். கிராங்கைக் கிரைண்ட் செய்தால் வழக்கமாக 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று படிப்படியாகக் குறைத்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் மெட்டல் போடுவார்கள். எத்தனையாவது படி என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். கடைசிப் படியில் இருக்கிற கிராங்கை நம்பி இன்னொரு முழு வேலை செய்ய முடியாது என்பதால், வண்டியை விற்கும்போதும் அந்தச் சீட்டுக்கு மதிப்பு உண்டு. நைட்ரைடு செய்த கிராங்காக இருந்தால் கிரைண்டிங்கில் அந்தக் கடினமான மேல்தோல் போய்விடலாம்; மறுபடி நைட்ரைடு செய்யாமல் பூட்டினால் சீக்கிரம் தேயும். இதைப் பல லேத்துகளில் நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.

எல்லா இன்ஜினுக்கும் லைனர் உண்டு என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். சிலவற்றில் ஈர லைனர், சிலவற்றில் தண்ணீர் தொடாத உலர் லைனர். முன்னே சொன்ன 6பி.டி. போன்றவற்றில் லைனரே கிடையாது. பிளாக்கின் இரும்பிலேயே 102 மில்லிமீட்டர் துளை. அது தேய்ந்தால் அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ பெரிதாக ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். அதற்கும் மேல் தேய்ந்தால் துளைக்குள் ஸ்லீவ் என்ற புது உறை இறக்க வேண்டும், அந்த வேலை எல்லா லேத்துக்கும் கைவராது. ஆகவே ஒரே "முழு இன்ஜின்" என்ற பேச்சுக்குப் பின்னால் வண்டிக்கு வண்டி வேறு வேறு வேலை இருக்கிறது. பக்கத்து வண்டிக்காரருக்கு ஆன செலவை வைத்து நம் செலவைச் சொல்ல முடியாது.

ஈர லைனர் இருந்தால் ஒரே ஒரு அளவை மட்டும் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்: பிளாக் முகத்துக்கு மேல் லைனர் எவ்வளவு தூக்கி நிற்கிறது என்பது. டயல் கேஜை வைத்து ஒவ்வொரு லைனரிலும் நான்கு இடத்தில் பார்க்க வேண்டும். மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் அது. ஆனால் ஒரு லைனர் தாழ்ந்திருந்தால் அந்த இடத்தில் ஹெட் கேஸ்கட் அழுந்தாது. சில மாதத்தில் ஹெட் கேஸ்கட் மறுபடி போனால், கேஸ்கட் டூப்ளிகேட் என்று கடைக்காரரைத் திட்டுவோம். பாவம், அவர்மேல் தவறு இருக்காது.

கடைசியாக, கழுவுதல். ஹோனிங் செய்த, அதாவது உள்சுவரைக் கல்லால் தேய்த்த, சிலிண்டரில் அந்தக் கல்லின் நுண்துகள் ஒட்டியிருக்கும். டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றித் துடைத்தால் துகள் இன்னும் உள்ளே போய் உட்காரும். சுடுநீரும் சோப்பும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்து, துணி வெள்ளையாகவே வரும்வரை தேய்க்க வேண்டும். பிறகு உடனே ஆயில் தடவ வேண்டும். கடற்காற்றில் அரை மணி நேரத்தில் துரு பூத்துவிடும். நான் வேலை கொடுக்கும் பெரியவர் இதற்கென்றே பழைய வெள்ளை வேட்டிகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். அத்திப்பட்டுப் பக்கம் நிலக்கரித் தூள் பறக்கும் வெளியில் தார்ப்பாய் கட்டி இன்ஜின் பூட்டும் பட்டறைகளும் இருக்கின்றன. அங்கே எவ்வளவு நல்ல மெட்டல் வாங்கிக் கொடுத்தாலும் வீண்.

இப்படியெல்லாம் நின்று செய்தால் முழு வேலைக்கு மூன்று வாரமாவது ஆகும். மாதத் தவணை 60,000 ரூபாய் என்று வையுங்கள். வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் சும்மாவே 2,000 ரூபாய் போகிறது. 20 நாளுக்கு 40,000. விட்டுப்போன வாடகை தனி. கம்பெனி மாற்று இன்ஜின் விலையைக் கேட்டு மலைக்கிறவர்கள் இந்தத் தொகையைப் பட்டறை பில்லோடு கூட்டிவிட்டுப் பிறகு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் சுருங்கிவிடும்.

மாற்று இன்ஜின் என்பது நம் பழைய இன்ஜினைக் கொடுத்துவிட்டு, தொழிற்சாலையில் அளவு பார்த்துப் புதுப்பித்த இன்ஜினை வாங்குவது. டாடாவின் புரோலைஃப், கம்மின்ஸின் ரீகான் இந்த வகை. சில நாளில் மாட்டிவிடலாம், எழுத்தில் உத்தரவாதமும் கிடைக்கும். கொக்கி ஒன்று உண்டு. நாம் கொடுக்கும் இன்ஜினின் பிளாக் உடைந்திருந்தாலோ கிராங்க் முறிந்திருந்தாலோ அதற்கான தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். கான்ராடு வெளியே பாய்ந்து பிளாக்கில் ஓட்டை விழுந்த இன்ஜினை வைத்துக்கொண்டு மாற்று இன்ஜின் கேட்டால் கணக்கு கசக்கும். அதனால்தான் சத்தம் கேட்டவுடன் அணைத்துவிடுங்கள் என்று டிரைவர்களிடம் படித்துப் படித்துச் சொல்கிறேன். "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே முதலாளி" என்று ஓட்டிவந்த அந்த இரண்டு கிலோமீட்டரில் மாற்று இன்ஜின் என்ற வழியே அடைபட்டுப் போகும். விலையில் டர்போ, பம்ப், ஆயில் கூலர் சேர்ந்திருக்கிறதா, அல்லது பிளாக்கும் ஹெட்டும் மட்டுமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பழைய இன்ஜின் வாங்கி மாட்டுவது நான்காவது வழி. எனக்கு இதில் நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலி, எண்ணூர்ப் பக்கம் தண்ணீர் தேங்கியது நினைவிருக்கும். அப்படித் தண்ணீரில் நின்ற லாரியைச் சோதித்துப் பார்க்காமல் செல்ஃப் அடித்தால், சிலிண்டருக்குள் போன தண்ணீர் அழுந்திக் கொடுக்காது, கான்ராடுதான் வளையும். வளைந்த ராடோடும் இன்ஜின் ஓடும். கேட்டுப் பார்த்தால் சத்தம்கூடச் சரியாக இருக்கும். பிறகு ஒருநாள் லோடில் முறியும். ஹெட்டைக் கழற்ற விற்பவர் சம்மதித்தால், ஒவ்வொரு பிஸ்டனும் உச்சிக்கு வரும்போது எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று டயல் கேஜில் பாருங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் அந்த ராடு வளைந்திருக்கிறது. சம்மதிக்காவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

காகிதமும் முக்கியம். ஆர்.சி.யில் இன்ஜின் எண் இருக்கிறது. பிளாக் மாறினால் எண்ணும் மாறும். வாங்கிய ரசீதோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். ரசீது இல்லாத இன்ஜின் எந்த வண்டியிலிருந்து கழன்றது என்று யார் சொல்வது? எஃப்.சி.யில் (தகுதிச் சான்றுச் சோதனை) எண் பொருந்தாமல் நிற்பதும், விபத்தின்போது இன்சூரன்ஸ்காரர் அந்த எண்ணைப் பிடித்துக்கொள்வதும் இன்ஜின் கெடுவதைவிடப் பெரிய தொல்லை. மாற்று இன்ஜினுக்கும் இதே பதிவு வேண்டும், ஆனால் அங்கே கம்பெனி பில் கையில் இருக்கும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டிகளுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. வயிற்றுப்பகுதி அதே இரும்புதான். அதைச் சுற்றி காமன் ரெயில் டீசல் அமைப்பு, சென்சார்கள், புகையைச் சுத்திகரிக்கும் ஃபில்டர், யூரியாக் கரைசல் என்று ஒரு குட்டித் தொழிற்சாலையே இருக்கிறது. ஆயில் குடிக்கும் பி.எஸ். 6 இன்ஜினைப் பரவாயில்லை என்று ஓட்ட முடியாது. எரிந்த ஆயிலின் சாம்பல் புகை ஃபில்டரை அடைத்துவிடும், அதன் விலை தனியாக வலிக்கும். இந்த வண்டிகளுக்கு ஸ்கேனர் உள்ள இடம்தான் பட்டறை. என்னைக் கேட்டால் முதலில் மாற்று இன்ஜினின் விலை கேட்பேன். உள்ளூர் முழு வேலையைப் பிறகுதான் யோசிப்பேன். பழைய வகை பம்ப் உள்ள வண்டிக்கு இதற்கு நேர்மாறு. நல்ல லேத்தும் நிதானமான ஃபிட்டரும் கிடைத்தால் முழு வேலையைவிட நல்லது இல்லை. எண்ணூரில் அசோக் லேலண்ட் தொழிற்சாலை 1948இலிருந்து இருக்கும் மண் இது. அந்த இன்ஜின்களைக் கையால் தடவியே அளவு சொல்லும் பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

வண்டியை விற்றுவிட்டுப் புதிது வாங்குவதா? கேபினும் சேசிஸும் துருவேறி, கியர் பாக்ஸும் பின் அச்சின் கிரௌன் பல்சக்கரமும் சேர்ந்து முனகினால் விற்றுவிடுங்கள். அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை.

என் மூன்றாவது வண்டி இப்போது பிளாக்கோடு லேத்தில் இருக்கிறது. அரை வேலையே போதும் என்றுதான் நினைத்தேன். ஆயிலைச் சோதனைக்கு அனுப்பியதில் சிலிக்கான் அதிகம் என்று வந்தது. அதாவது தூசு போயிருக்கிறது. தேடியதில் ஏர் ஃபில்டர் குழாயின் அடிப்பக்கம் கிளிப் தளர்ந்து விரல் நகம் அளவு இடைவெளி. தூசு ஆறு சிலிண்டருக்கும் சமமாகத்தான் போயிருக்கும், ஆகவே முழு வேலை. கிராங்க் முதல் படியிலேயே நின்றுவிட்டது, அது ஆறுதல்.

வண்டி வந்ததும் முதல் பத்து நாள் துறைமுக நடைக்கு அனுப்பப் போவதில்லை. புது ரிங் லைனரோடு பொருந்த மிதமான லோடு வேண்டும். வரிசையில் ஐடிலில் நின்றால் பொருந்துவதற்கு முன்பே சுவர் வழவழப்பாகிவிடும். கும்மிடிப்பூண்டி வழியாக நெல்லூருக்குப் பாதி லோடில் நாலு நடை பேசி வைத்திருக்கிறேன். வாடகை குறைவுதான். டிரைவரிடம் சொல்லிவிட்டேன், தடாவில் டீ குடிக்க நிறுத்தினால் இரண்டு மூன்று நிமிடம் டர்போ ஆறவிட்டு இன்ஜினை அணைத்துவிட வேண்டும் என்று.